அரண் போல் நின்ற ஆட்டக்காரர்: டாக்டர் தாலிமெரென் ஆவோ

முன்னுரை

விளையாட்டுத் திடலில் கைதட்டல் யாருக்குக் கிடைக்கிறது? கோல் போடுபவருக்கு; புள்ளி எடுப்பவருக்கு. மறுநாள் செய்தித்தாளில் வருவதும் அவர் பெயர்தான். எதிரியை மறித்து, பந்தைத் தடுத்து, தன் அணியைக் காப்பாற்றியவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. நம் பள்ளியில் அணி பிரிக்கும்போதும் இதைக் காணலாம். எல்லோரும் முன்னால் நிற்கவே விரும்புவோம். பின்னால் நின்று காவல் காக்கச் சொன்னால் முகம் வாடிவிடும்.

அமெரிக்கர் கால்பந்தாட்டம் என்று அழைக்கும் ஆட்டம் நம்முடையதைப் போன்றதன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. அதில் பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் மலை போல் நிற்பர். தமக்குப் பின்னால் நின்று பந்தை எறிபவரை எதிரிகள் வீழ்த்திவிடாதபடி தம் உடலாலேயே மறிப்பது அவர்கள் தொழில். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூடப் பொதுவாக அவர்களுக்குக் கிடையாது. பல்லாண்டுகள் ஆடியும் ஒரு புள்ளியும் எடுக்காமலே ஓய்வு பெறுவோர் அவர்களுள் பலர். ஆனால் அந்த ஐவர் தளர்ந்தால் அணியே தளர்ந்துவிடும்.

நம் பாரத நாட்டுக் கால்பந்தாட்டத்திலும் இப்படி அரண் போல் நின்ற ஒருவர் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவராக விளங்கியவர் அவர். பின்பு மருத்துவராகித் தம் மலைநாட்டு மக்களுக்குத் தொண்டு செய்தவரும் அவரே. டாக்டர் தாலிமெரென் ஆவோ என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இந்தியாவின் வடகிழக்குக் கோடியில், பர்மா நாட்டை ஒட்டி அமைந்துள்ளது நாகாலாந்து மாநிலம். அன்று அது அஸ்ஸாமைச் சேர்ந்த நாகா மலை மாவட்டமாக இருந்தது. எங்கள் திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி முடித்ததும் மூச்சு வாங்க நின்று கீழே ஊரைப் பார்ப்போம். அங்கேயோ ஒரு மலையை ஏறினால் அதற்கப்பால் இன்னொரு மலை நிற்கும். அம்மலைகளில் பல நாகா இனத்தவர் வாழ்கின்றனர். அவர்களுள் ஓர் இனத்தவர் ஆவோ நாகர்கள்.

அந்த ஆவோ இனத்தில், சாங்கி என்னும் சிற்றூரில், 1918-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் தாலிமெரென் பிறந்தார். பெற்றோருக்குப் பன்னிரண்டு மக்கள். அவர்களுள் இவர் நான்காமவர். தந்தையார் சுபோங்வதி நிங்தாரி ஆவோ ஒரு கிறிஸ்தவப் போதகர். அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனரிமார் இம்பூர் என்னும் இடத்தில் கோயிலும் பள்ளியும் அமைத்திருந்தனர். அக்கோயிலில் தந்தையார் ஊழியம் செய்ததால் குடும்பமும் அங்கே சென்று வாழ்ந்தது. மிஷன் வளாகத்துத் திடலே சிறுவன் தாலிமெரெனின் முதல் விளையாட்டு மைதானம்.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் அல்லவா? ஜோர்ஹாட் நகரிலிருந்த மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் அவருடைய திறமை வெளிப்பட்டது. ஓட்டப் பந்தயம், கைப்பந்து, கால்பந்து என்று எதில் இறங்கினாலும் முன் நின்றார்.

தந்தையின் விருப்பம்

இப்படி மகிழ்ச்சியாகச் சென்ற நாட்களில், 1935-ஆம் ஆண்டு பேரிடி ஒன்று விழுந்தது. தந்தையார் டைபாய்டு காய்ச்சலால் இறைவனடி சேர்ந்தார். இன்று அந்நோய்க்கு நல்ல மருந்து உண்டு. அன்று அத்தகைய மருந்து உலகில் எங்குமே இல்லை. மலை நாட்டிலோ ஒரு மருத்துவரைக் காண்பதே அரிது. தம் மகன் மருத்துவம் படித்து, தம் மக்களுக்கு உதவ வேண்டும் என்பது அப்போதகரின் விருப்பம். அதை மகனிடம் சொல்லிவிட்டே அவர் கண் மூடினார்.

பதினேழு வயது மகனுக்கு அது தந்தையின் கடைசிக் கட்டளையாயிற்று. அதன்பின் அவர் எத்தனையோ ஊர்களுக்குச் சென்றார், எத்தனையோ பேரின் பாராட்டைப் பெற்றார். எங்கிருந்தபோதும் அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கௌஹாத்தியிலுள்ள காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கால்பந்து, கைப்பந்து, ஈட்டி எறிதல் என்று பல போட்டிகளில் பரிசுகளைக் குவித்தார். கௌஹாத்தியின் மகாராணா கழகத்துக்காகக் கால்பந்து ஆடினார். அக்காலத்தில் அவர் முன்னணி ஆட்டக்காரர். அதாவது, கோல் போடுகிற இடம் அவருடையது.

கல்கத்தா மாநகரில்

1942-ஆம் ஆண்டு கல்கத்தாவிலுள்ள கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது அதுவே. மலைநாட்டு மாணவர் மாநகர் வந்து சேர்ந்த காலம் நல்ல காலமன்று. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1943-இல் வங்காளப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1944-இல் ஜப்பானியப் படை நாகா மலைக்குள்ளேயே புகுந்து, கோஹிமாவில் கடும்போர் மூண்டது. பிறந்த மண்ணில் போர், படிக்கும் ஊரில் பஞ்சம். இந்நிலையில் புத்தகத்தில் மனத்தைச் செலுத்துவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்கத்தா என்றாலே கால்பந்து. அந்நகரின் மோகன் பகான் கழகம் 1889-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1911-இல் அக்கழகத்தார் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணி ஒன்றை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அன்று ஆடிய பதினொருவருள் பத்துப் பேர் வெறுங்காலால் ஆடியவர்கள். பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயரை வெறுங்கால் இந்தியர் வென்ற அந்நாளை வங்காளிகள் இன்றும் கொண்டாடுகின்றனர். இத்தகைய புகழ் வாய்ந்த கழகத்தில் 1943-ஆம் ஆண்டு தாலிமெரென் சேர்ந்தார். மகாராணா கழகத்தில் அவரோடு ஆடிய சரத் தாஸ் என்னும் நண்பர் ஏற்கனவே மோகன் பகானில் இருந்தார். அவர் வழியாகவே இந்த வாய்ப்புக் கிட்டியது.

இடம் மாறிய ஆட்டக்காரர்

மோகன் பகானுக்கு வந்ததும் அவருடைய இடம் மாற்றப்பட்டது. கோல் போட்டுப் பழகியவரை நடுவில் நின்று தடுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். இதன் பொருளை ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குச் சிறிது விளக்குவோம்.

அக்காலக் கால்பந்தாட்டத்தில் கோல் காப்பவருக்கு முன்னால் இருவர், அவர்களுக்கு முன்னால் மூவர், எல்லோருக்கும் முன்னால் ஐவர் என்று நிற்பது வழக்கம். முன்னால் நிற்கும் ஐவரும் கோல் போட ஓடுவர். நடுவரிசை மூவரின் மத்தியில் நிற்பவருக்கோ வேலை இரட்டிப்பு. எதிரி ஐவரும் பாய்ந்து வரும்போது முதலில் அவரை மோதியே தீரவேண்டும். பந்தைப் பறித்ததும் தானே ஓடிப் புகழ் தேடாமல், முன்னால் நிற்கும் தோழருக்குத் தட்டிக் கொடுக்கவேண்டும். அவர் தடுத்த பந்துகளுக்குக் கணக்கில்லை. அவர் விட்டுவிட்ட ஒரு பந்தையோ ஊரே பேசும்.

இந்த இடத்தைத்தான் தாலிமெரென் ஏற்றுக்கொண்டார். பகலில் மருத்துவப் பாடம், மாலையில் மைதானம் என்று நாட்கள் சென்றன. மோகன் பகான் அணிக்குத் தலைவராகவும் பணியாற்றினார். கோல் போடும் இடத்திலிருந்து விலகிய பிறகே அவர் இந்தியாவின் பெரிய ஆட்டக்காரர்களுள் ஒருவரானார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

லண்டன், 1948

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. சுதந்திர இந்தியா தன் கொடியோடு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே. கால்பந்து அணிக்குத் தலைவராகத் தாலிமெரென் ஆவோ தேர்ந்தெடுக்கப்பட்டார். சைலேன் மன்னா போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அவருடன் சென்றனர். பயிற்சியாளர் பலாய்தாஸ் சட்டர்ஜி.

1948 ஜூலை 29-ஆம் நாள் வெம்ப்ளி அரங்கில் தொடக்க விழா. மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்னிலையில் எல்லா நாட்டு அணிகளும் நடந்து சென்றன. இந்தியக் குழுவின் முன்னால் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் நம் தாலிமெரென் ஆவோ.

இச்செய்தியின் சிறப்பு எல்லை ஊராகிய திருத்தணியில் வாழும் எங்களுக்கு நன்கு விளங்குகிறது. எங்கள் ஊரும் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு உள்ளாகி, போராட்டங்களுக்குப் பின் 1960-இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் நாகா மலையின் கேள்வி இதைவிடப் பெரிது. புதிய இந்தியாவோடு இருப்பதா, தனித்து இருப்பதா என்று அங்கே பலர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில், அம்மலையின் மகன் ஒருவர் கையில் நாட்டின் கொடி கொடுக்கப்பட்டது. கோடியில் இருப்பவரும் நடுவில் இருப்பவரும் ஒரே அணி என்பதை உலகம் கண்டது.

ஜூலை 31-ஆம் நாள் இல்போர்டு என்னும் இடத்தில் பிரான்சு நாட்டு அணியை இந்தியா எதிர்த்தது. நம் ஆட்டக்காரர்களுள் எட்டுப் பேர் வெறுங்காலோடு களம் இறங்கினர். அரங்கிலிருந்த ஆங்கிலேயர் வியந்து போயினர். பத்திரிகையாளர் காரணம் கேட்டபோது, எங்கள் நாட்டில் நாங்கள் காலால் ஆடுகிறோம், நீங்கள் பூட்ஸால் ஆடுகிறீர்கள் என்ற கருத்தில் அணித் தலைவர் வேடிக்கையாகப் பதில் சொன்னார் என்பர். அந்தச் சிலேடை ஆங்கிலப் பத்திரிகைகளில் மிகவும் பேசப்பட்டதாம்.

ஆட்டத்தில் பிரான்சு முதல் கோலைப் போட்டது. இடைவேளைக்குப் பின், 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் கால்பந்து கோல் அதுவே. நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடிய ஓரிரு நிமிடமே இருந்தபோது பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட, 2-1 என்று இந்தியா தோற்றது.

தோல்விதான். ஆயினும் அந்தத் தோல்வி இந்தியருக்குத் தலைகுனிவைத் தரவில்லை. ஆங்கில மக்கள் நம் அணியை எழுந்து நின்று பாராட்டினர். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அந்தச் சாதனைக்கு வழி திறந்தது 1948-இல் போட்ட முதல் அடியே.

வாக்கைக் காத்தவர்

லண்டனிலிருந்த ஆர்சனல் என்னும் பெரிய கழகம், ஓராண்டு தங்களோடு ஆடும்படி தாலிமெரெனை அழைத்தது என்றும், படிப்பை முடிக்கவேண்டும் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்வர். அவர் நாடு திரும்பியதும், 1950-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றதும் நாம் அறிந்த உண்மை.

பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். 1942-இல் கல்லூரியில் சேர்ந்தவர் 1950-இல்தான் தேறினார். எட்டு ஆண்டுகள்! விளையாட்டால் அவர் படிப்புச் சற்று நீண்டது என்றே தோன்றுகிறது. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. படிப்பு நீண்டது, ஆனால் நின்றுவிடவில்லை. விளையாட்டும் படிப்பும் ஒருவரிடத்தில் சேர்ந்து வாழ முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு என்பதையே அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. அந்த விலையை அவர் தம் உழைப்பால் கொடுத்தார்.

1952 வரை மோகன் பகானில் ஆடிவிட்டு, 34-ஆம் வயதில் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றார். கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் வசதியும் புகழும் அவரைச் சூழ்ந்திருக்கும். அவரோ அஸ்ஸாமுக்குத் திரும்பினார். 1953-இல் திப்ருகரிலுள்ள அஸ்ஸாம் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணி ஏற்றார்.

1963-இல் கோஹிமா மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள்தான் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. மலைகளில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத நாட்கள் அவை. சாலை வசதியும் மருந்து வசதியும் குறைவு. அத்தகைய இடத்துக்கு விரும்பிச் சென்ற அவர், படிப்படியாக உயர்ந்து மாநிலத்தின் சுகாதாரத்துறை இயக்குநர் ஆனார். 1978-இல் பணி ஓய்வு பெற்றார். தந்தையாருக்குக் கொடுத்த வாக்கு முழுமையாக நிறைவேறியது.

மருத்துவர் வேலையும் தடுப்பாளர் வேலையும் ஒன்றுதானே! ஆட்டத்தில் கோல் விழாதபடி தடுத்தவர், ஆஸ்பத்திரியில் நோய் முற்றாதபடி தடுத்தார். தடுக்கப்பட்ட கோலை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. வராமற்போன நோயையும் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு இடங்களிலும் நன்றியை எதிர்பாராமல் நிற்கும் மனம் வேண்டும்.

மறைவும் நினைவும்

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், தம் 80-ஆம் வயதில் டாக்டர் ஆவோ மறைந்தார். வாழ்ந்த நாளில் அவருக்குப் பெரிய தேசிய விருது எதுவும் கிடைக்கவில்லை என்று விளையாட்டு அன்பர்கள் வருந்துவதுண்டு. அவர் மறைவுக்குப் பின் நாடு அவரை நினைவுகூர்ந்தது. 2009-இல் வடகிழக்கு மாநில அணிகளுக்காக டாக்டர் டி. ஆவோ கோப்பை என்னும் கால்பந்துப் போட்டி தொடங்கப்பட்டது. அஸ்ஸாமில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 2018-இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

நாம் கற்கும் பாடம்

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டோம். அரசுப் பொதுத் தேர்வு என்னும் சொல் வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. இந்த ஆண்டு மட்டும் விளையாட்டு வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதும், அதைக் கேட்டு நாங்கள் பெருமூச்சு விடுவதும் வழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கின்றனர். அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆண் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் பின் மீண்டும் மைதானத்துக்குத் திரும்புகிறார்கள். பெண் பிள்ளைகளாகிய நாங்கள் ஒருமுறை விட்டால் பெரும்பாலும் விட்டதுதான். அந்த ஓராண்டு எங்களுக்கு வாழ்நாள் முழுவதும் நீண்டுவிடுகிறது. இதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

அதே சமயம், டாக்டர் ஆவோவின் வாழ்க்கை எங்களையும் ஒரு கேள்வி கேட்கிறது. விளையாட நேரம் கேட்கும் நாம், படிப்பு பற்றிக் கொடுத்த வாக்கைக் காப்போமா? லண்டன் வரை சென்றவர் திரும்பி வந்து பாடப் புத்தகத்தைத் திறந்தாரே, மாலை விளையாட்டிலிருந்து வீடு திரும்பும் நாம் விளக்கின் முன் அமர்வோமா? ஆம் என்று சொல்ல முடிந்தவருக்கே விளையாட்டைக் கேட்கும் உரிமை உண்டு.

அன்புத் தங்கைகளே! அடுத்த ஆண்டு விளையாட்டு ஆசிரியை அணி பிரிக்கும்போது, பின்னால் நில் என்று உங்களுள் யாரிடமாவது சொல்வார். அப்போது முகம் வாடாதீர்கள். சுதந்திர இந்தியாவின் கொடியை ஒலிம்பிக்கில் முதன்முதல் ஏந்திச் சென்றவர் அந்த இடத்தில் நின்றவர்தான்.